அது நரம்பில்லை, உருவாதேங்கோ

போன கிழமை 16 வயதுப் பொடியன் ஒருவனை அவனுடைய அப்பம்மா கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓவர் கேம் கரப்பந்தாட்டத்தில் வலைக்குக் கிட்ட எழும்பி அடித்தவன், இறங்கும்போது மற்றவனின் பாதத்தில் மிதித்துக் கால் பிரண்டிருக்கிறது. அன்றிரவே எண்ணெய் சூடாக்கி உருவியிருக்கிறார்கள். அடுத்த நாளும் உருவல், அதற்கடுத்த நாளும் உருவல். என்னிடம் வந்தது 12ஆம் நாள்.

"நரம்பு பிசகிப் போச்சு தம்பி. எவ்வளவு உருவியும் இடத்துக்கு வருகுதில்லை."

பாதத்தின் வெளிவிளிம்பில், சின்னவிரல் எலும்பின் அடியை மெல்ல அமத்தினேன். பொடியன் துடித்துப்போனான். எக்ஸ்றேயில் அந்த எலும்பு வெடித்திருந்தது. முறிந்த எலும்பின் மேல் மூன்று நாள் உருவியிருக்கிறார்கள்.

இயன்மருத்துவராக நான் இந்தக் கதையைக் கேட்காத மாதமே இல்லை. ஆகவே ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால் பிரளும்போது நரம்பு பிசகுவதில்லை, ஏறுவதில்லை, ஒன்றோடொன்று பின்னுவதுமில்லை. அறுபடுவது எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் இணைநார். கயிறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் சில அறுந்திருக்கலாம், பாதி அறுந்திருக்கலாம், முழுதாகவும் அறுந்திருக்கலாம். அறுந்த கயிற்றை எண்ணெய் போட்டு இழுத்தால் அது பொருந்துமா? உள்ளே கசிகிற இரத்தம் கூடும், வீக்கம் கூடும். உருவும்போது கேட்கிற 'டிக்' சத்தம் நரம்பு இடத்துக்கு வந்த சத்தமும் இல்லை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 பொருத்துகள், நூற்றுக்கு மேற்பட்ட இணைநார்கள். கரண்டைப் பொருத்தில் பாதம் மேலும் கீழும்தான் அசையும். உட்பக்கம், வெளிப்பக்கம் என்று சரிவது அதற்குக் கீழே, கரண்டைக்குள் இருக்கும் தாலஸ் என்ற எலும்புக்கும் குதி எலும்புக்கும் நடுவில் இருக்கிற பொருத்தில். தாலஸ் முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். விரல்களை மேலே தூக்கினால் அகலமான பகுதி, கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் சேர்ந்து அமைக்கும் கவ்விக்குள் இறுகும். விரல் நுனி கீழே பார்த்தால் ஒடுங்கின பகுதி வந்து தளரும். பாய்ந்து இறங்குகிறவனுக்கும் படியில் தவறுகிறவருக்கும் கால் பிரளுவது அந்த நேரத்தில்தான். முதலில் அறுவது வெளிப்பக்கத்தில் முன்னுக்கு இருக்கும் நார். உட்பக்கத்து நார் விசிறி போல விரிந்தது, மிகப் பலமானது. அங்கே வீங்கினால் நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன்.

"நடக்கிறான்தானே, முறிஞ்சிருந்தா நடக்க ஏலுமே?" ஏலும். அந்தப் பொடியனும் நொண்டி நொண்டி நடந்தவன்தான். நாலு அடி வைக்க ஏலாவிட்டால், அல்லது கரண்டை மொழிகளின் (இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்புகளின்) பின்விளிம்பில் கடைசி 6 சென்ரிமீற்றருக்குள் அமத்த நொந்தால், அல்லது சின்னவிரல் எலும்பின் அடியிலோ பாதத்தின் உட்பக்க நடுவிலோ நொந்தால், எக்ஸ்றே எடுங்கோ. விரல்கள் விறைத்தால், குளிர்ந்து நிறம் மாறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சீனி வருத்தம் உள்ளவர்கள் நோவை நம்பி இருக்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் எலும்பு முறிந்தாலும் தெரியாமல் போகும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்றேயைக் கையில் கொண்டு போங்கோ, அவ்வளவுதான் என் மன்றாட்டம்.

முதல் இரண்டு மூன்று நாள் உருவல் வேண்டாம், சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ்கட்டி 15 நிமிடம், அளவான இறுக்கத்தில் பன்டேஜ், கால் தலையணை மேல். முறிவு இல்லையென்றால் பிறகு மாதக்கணக்கில் படுக்கவும் வேண்டாம், நோவுக்கு ஏற்ப நடக்கத் தொடங்குங்கோ.

நோ போனதும் எல்லோரும் என்னிடம் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் நரம்புக்கு வேலை வருவது அப்போதுதான். கால் எந்தச் சரிவில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகள் அந்த நாரிலேயே இருக்கின்றன. நாரோடு அவையும் பழுதாகும். பழக்கி எடுக்காவிட்டால் அதே கால் திரும்பத் திரும்பப் பிரளும். அதற்கு மருந்து ஒற்றைக்காலில் நிற்பது: சுவருக்குப் பக்கத்தில், முதலில் கண் திறந்து, பிறகு மூடி.

எலும்பு பொருந்தினதும் பொடியனை 30 எண்ணும் வரை அப்படி நிற்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணுகிற வேலை அப்பம்மாவுக்கு.