'இயல்பு வெப்பநிலை' என்று எதைச் சொல்கிறோம்?

வானிலை அறிக்கையில் "இயல்பைவிட 2 டிகிரி அதிகம்" என்று படிப்பவர்கள், அந்த இயல்பு எந்தக் காலத்தினுடையது என்று கேட்பது அரிது. வெப்பநிலைப் பதிவுகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பேன்.

இயல்பு என்பது 30 ஆண்டுகளின் சராசரி. இந்திய வானிலை ஆய்வுத் துறை இப்போது 1991 முதல் 2020 வரையிலான சராசரியைக் கையாள்கிறது. அதற்கு முன் 1981–2010 வழக்கில் இருந்தது. அளவுகோல் இப்படிப் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், இடைப்பட்ட காலத்தில் ஏறிய வெப்பத்தையும் அது தனக்குள் வாங்கிக்கொள்கிறது. 1901 முதலான பதிவுகளிலேயே மிக வெப்பமான 2024-ஆம் ஆண்டில், நாட்டின் சராசரி இயல்பைவிட 0.65 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது. "ஒரு டிகிரிகூட இல்லையே" என்றார்கள் பலர். ஏற்கெனவே சூடேறிய 30 ஆண்டுகளுக்கு மேல் ஏறியது அந்த 0.65. மேலும், இரவு, பகல், மலை, கடற்கரை அனைத்தையும் சேர்த்த ஆண்டுச் சராசரி சற்றே நகர்ந்தாலும் உச்சங்கள் பெரிதாகத் தாவும். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. 2022 மார்ச் மாத வெயில், மணி பிடிக்கும் பருவத்தில் இருந்த கோதுமையைத் தாக்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது.

இத்தனை சிறிய எண்களை எப்படி நம்புவது என்பது நியாயமான ஐயம். வெள்ளை வண்ணம் பூசி, காற்று புகுந்து வரச் சாய்ந்த சட்டங்கள் அடித்த ஸ்டீவன்சன் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ 1.25 மீட்டர் உயரத்தில் வெப்பமானிகள் இருக்கும். அந்தப் பெட்டியைப் புல்தரையிலிருந்து சிமெண்ட் தளத்தின் ஓரமாக மாற்றி வைத்தாலே பதிவு சட்டென்று ஏறிவிடும். நான் சரிபார்த்த ஒரு நிலையத்தின் பதிவேட்டில் அப்படியோர் ஏற்றம் தெரிந்தது. பெட்டி இடம் மாறிய குறிப்பு மட்டும் எங்கும் இல்லை. அண்டை நிலையங்களோடு ஒப்பிட்டு, இத்தகைய பொய் ஏற்றங்களைக் களைவதில்தான் எங்கள் நேரத்தில் பாதி போகிறது. களைந்த பிறகும் எஞ்சுகிற உயர்வையே வெப்பமாதல் என்கிறோம். 1901 முதல் 2018 வரை அது ஏறத்தாழ 0.7 டிகிரி என்பது புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு. காற்றிலுள்ள நுண்துகள்கள் வெயிலின் ஒரு பகுதியைத் தடுத்திராவிட்டால் இது இன்னும் கூடியிருக்கும். மாசு நமக்குச் செய்த ஒரே உபகாரம்!

பகல் உச்சத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பகலில் சூடேறிய உடல் தணிவது இரவில்தான் என்பதால், குறைந்தபட்ச வெப்பநிலையையும் கவனியுங்கள். பகல் 40 டிகிரியைத் தொட்டு, இரவின் குறைந்தபட்சமும் இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடினால் அதை 'வெப்ப இரவு' என்று துறை அறிவிக்கிறது. இந்த வரையறையிலும் இயல்பு என்ற சொல் இருக்கிறது. அது ஏற ஏற, எச்சரிக்கை தொடங்கும் அளவும் சேர்ந்தே ஏறும்.