கதவைத் திறந்து பாருங்கள், பிறகு றிம் வாங்குங்கள்

பெருமழை விட்ட மறுநாள் காலையில் என் வேலைத்தளத்துக்கு வரும் வாகனங்களுக்குப் பெரும்பாலும் ஒரே வியாதிதான். ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, 60ஐத் தாண்டினால் நடுங்குகிறது. கொழும்பு தெமட்டகொடையில் வீல் அலைன்மென்ட் வேலை தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. முன்பெல்லாம் இப்படி வருகிற வாகனத்தில் சஸ்பென்ஷனில் தேய்ந்த றப்பர் புஷ்ஷைத்தான் முதலில் தேடுவேன். இப்போது றிம்மை, அதாவது டயர் ஏறியிருக்கும் உலோகச் சக்கரத்தைப் பார்க்கிறேன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, புதிது வாங்க வழியில்லாதவர்கள் இருப்பதையே புதிதாக்கப் பார்த்தார்கள். இருக்கை உறை, விளக்கு, கடைசியில் பெரிய றிம். 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்தது. விலையைக் கேட்டுவிட்டுப் பழைய வாகனத்திடமே திரும்பி வந்தவர்களுக்கு றிம் ஆசை மட்டும் விட்டபாடில்லை.

வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் தன் டொயோட்டா அக்குவா காரைக் கொண்டுவந்திருந்தார். பஞ்சிகாவத்தையில் வாங்கிய 17 அங்குல அலாய் றிம், அதில் 205/45R17 டயர். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். முன் இடது சக்கரத்தைக் கழற்றி பலன்ஸ் மெஷினில் ஏற்றிச் சுழற்றினேன். றிம்மின் உள்விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு நெளிந்திருந்தது. டயரின் பக்கவாட்டில், கோழிமுட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டிவைத்ததைப் போல ஒரு வீக்கம். முந்திய இரவு நாரஹேன்பிட்டிப் பக்கம் தேங்கி நின்ற தண்ணீருக்குள் இருந்த குழி செய்த வேலை.

"அண்ணை, கடையில் கணக்குப் பார்த்துத்தான் தந்தார்கள். டயரின் மொத்த உயரம் மாறாது என்றார்கள்" என்றார்.

"அவர்கள் சொன்னது சரி தம்பி. உயரம் மாறவில்லை, றப்பர்தான் குறைந்துவிட்டது" என்றேன்.

அவருடைய அக்குவா ஜப்பானிலிருந்து வந்தது 175/65R15 டயரோடு. 175 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கவாட்டு உயரம், அகலத்தில் 65 சதவீதம். அதாவது ஏறத்தாழ 114 மில்லிமீற்றர். 15 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலும் கீழும் இரண்டு பக்கவாட்டையும் றிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் 608 மில்லிமீற்றர் வரும். 205/45R17க்கு அதே கணக்கைப் போட்டால் 616. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. 3 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. கடைக்காரர் அந்த இடத்தில் பிழை விடவில்லை. ஆனால் பக்கவாட்டு உயரம் 114இலிருந்து 92க்கு இறங்கிவிட்டது. குழியில் விழும்போது அடியை வாங்க வேண்டியது அந்தக் காற்றும் றப்பரும்தான். அது மெலிந்தால் குழியின் விளிம்புக்கும் றிம்முக்கும் இடையில் டயர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துபோகும். வெளியே தெரிகிற வீக்கம் அதுதான். அதற்கு ஒட்டு கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும்.

அவருக்கு இன்னொரு முறைப்பாடும் இருந்தது. வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனால் பின்னால் 'கர்' என்று உரசுகிறதாம், றப்பர் கருகுகிற மணமும் வருகிறதாம். அவரது பழைய றிம்மின் அகலம் 5 அங்குலம், இது 7. கூடிய இரண்டு அங்குலத்தில் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் போயிருக்கும், ஓஃப்செட் மாறாமல் இருந்தால். ஓஃப்செட் என்பது றிம்மின் நடுக்கோட்டுக்கும், அது வாகனத்தின் ஹப்போடு (சக்கரம் பூட்டும் நடுப்பகுதியோடு) பொருந்துகிற முகத்துக்கும் இடையிலுள்ள தூரம். றிம்மிலேயே பொறித்திருப்பார்கள். அந்த இலக்கம் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும், மட்கார்டைத் தொடும், பெயாரிங்குக்கும் சுமை ஏறும். இவருடையதில் ஓஃப்செட்டும் குறைவு. வாங்கும்போது யாரும் அதைப் பார்க்கவில்லை. நான்கு துளையும் பொருந்தியது, அதோடு திருப்திப்பட்டுவிட்டார்கள்.

துளை பொருந்துவதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அக்குவா, சுசுகி வகன் ஆர், ஹொண்டா ஃபிட் மூன்றுக்கும் நான்கு துளை, அவை அமைந்திருப்பது 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில். ஆனால் றிம்மின் நடுத்துளை டொயோட்டாவுக்கும் சுசுகிக்கும் 54.1 மில்லிமீற்றர், ஹொண்டாவுக்கு 56.1. ஃபிட்டின் றிம்மை அக்குவாவில் பூட்டினால் ஏறும், நடுவில் இரண்டு மில்லிமீற்றர் ஆடும். அதற்கான வளையம் போடாவிட்டால் எத்தனை முறை பலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. நட்டு விடயம் அதைவிட மோசமானது. டொயோட்டாவின் நட்டு 12×1.5, சுசுகியுடையது 12×1.25. 12 என்பது விட்டம், மற்றது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலுள்ள தூரம், இரண்டும் மில்லிமீற்றரில். புரி மாறியதை நான்கைந்து சுற்று வரை கையில் உணர்ந்து நிறுத்தலாம். காற்றுத் துப்பாக்கியை வைத்து இறுக்குபவருக்கு அந்த உணர்வு எங்கே வரப்போகிறது? அதனால் முதல் சில சுற்றுகளைக் கையால் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

உயரம் கூட்டுகிறேன் என்று வருபவர்கள் வேறு ரகம். வகன் ஆரின் 155/65R14ஐ எடுத்துவிட்டு 175/65R14 கேட்பார்கள். வேகத்தடையில் அடிவயிறு இடிக்காமல் இருக்க வேண்டுமாம். வாகனம் உயர்வது 13 மில்லிமீற்றர், ஒரு விரல் தடிப்பு. விட்டம் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடிவிடும். தெற்கு அதிவேக வீதியில் வேகமானி 100 காட்டினால், கணக்குப்படி அது பழைய டயரில் 105 காட்டியிருக்கும் வேகம்.

சுமைக் குறியீட்டை மறந்துவிட வேண்டாம். அளவுக்குப் பின்னால் 84 என்றிருந்தால் அந்த டயர் 500 கிலோ தாங்கும், 82 என்றால் 475. நல்லூர்த் திருவிழாவுக்கு ஐந்து பேரும் கூரை வரை பொதிகளுமாக ஏ9 வீதியில் ஏறுபவருக்கு அந்த 25 கிலோ சின்ன விடயமல்ல. மாற்றும் டயரின் குறியீடு பழையதைவிடக் குறையக்கூடாது.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் இலக்கம் நமக்குப் புரியும். டயர் அளவும் காற்றின் அளவும் அதில்தான் இருக்கின்றன. காற்று 220 கிலோபாஸ்கல் என்றிருந்தால் அது 32 பி.எஸ்.ஐ. றிம் வாங்கப் போகும்போது அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். பெரிதாக்கியே தீரவேண்டும் என்றால் ஓர் அங்குலத்தோடு நிறுத்துங்கள். அக்குவாவின் ஒரு வகைக்கு டொயோட்டாவே 195/50R16 கொடுத்திருக்கிறது. கொழும்பு வீதிக்கு அதுவே அதிகம் என்பது என் எண்ணம். நான் எதிர்த்திசையில் போவேன். 17 அங்குலத்தோடு வந்த பிரியஸ் ஒன்றை 195/65R15க்கு இறக்கினேன். அந்த மொடலுக்கு இரண்டு அளவும் உண்டு, அதனால் சின்ன றிம்மில் பிரேக் கலிப்பர் இடிக்கவில்லை. ஓட்டிப் பார்த்த ஐயா, "ஷொக் அப்சோபரையும் மாற்றினீர்களா?" என்று கேட்டார்.

தம்பி தன் பழைய 15 அங்குல றிம்களை வீட்டு மாடியிலிருந்து தேடி எடுத்துவந்தார். நல்லகாலம், விற்கவில்லை. நெளிந்ததை நிமிர்த்தாமல் மற்ற மூன்றையும் விற்றுத்தரச் சொல்லி என்னிடமே விட்டுப்போனார். சுவரில் சாய்த்துவைத்திருக்கிறேன். நேற்று ஒருவர் குனிந்து துளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, நான்காவதை வேறெங்காவது தேடிக்கொள்வதாகச் சொன்னார். எந்த வாகனத்துக்கு என்று கேட்டேன். வகன் ஆருக்காம்.