மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்: மூளை ஆய்வாளர்கள் முதலில் பார்க்க வேண்டிய தேதிகள்

நரம்பியலில் பிஎச்டி முடித்தவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா கியூரி ஃபெலோஷிப் பெரிய வாசல். எந்த நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். ஒன்றிய நாடுகளிலோ, பிரிட்டன் போல இத்திட்டத்தில் இணைந்த நாடுகளிலோ 12 முதல் 24 மாதம் வரை வேலை. நரம்பியலுக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. உயிர் அறிவியல் பிரிவில் மற்றவர்களோடு போட்டியிட வேண்டும்.

தகுதியை உங்கள் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை, நீங்கள் இருந்த இடம்தான் தீர்மானிக்கிறது. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போக விரும்பும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ, படித்திருக்கவோ, வேலை பார்த்திருக்கவோ கூடாது. உதாரணத்துக்கு, 2025-ல் கடைசித் தேதி செப்டம்பர் 10 ஆக இருந்தது. அப்படியென்றால் 2022 செப்டம்பரிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. ஜெர்மனியில் பிஎச்டி செய்து 2024 மார்ச்சில் கிளம்பியவருக்குக் கணக்கில் ஒன்றரை ஆண்டு வந்திருக்கும். ஜெர்மனி ஆய்வகம் எவ்வளவு பொருந்தினாலும் அந்த முறை அவருக்கு அங்கே வாய்ப்பு இருந்திருக்காது, பிரான்ஸுக்குப் போட்டிருக்கலாம். விடுமுறைப் பயணம் கணக்கில் வராது. ஆய்வகத்துக்கு மெயில் அனுப்பும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் உழைத்து எழுதிய புரபோசல் ஒரு தேதியால் வீணாவது மனதை உடைக்கும்.

பிஎச்டி கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டைத் தாண்டக் கூடாது என்பது 2025 விதி. டாக்டர்கள் கவனிக்க: மருத்துவப் பட்டம் மட்டும் பிஎச்டிக்குச் சமமாகாது.

அப்புறம் சம்பளம். அறிவிப்பில் காணும் மாதத் தொகையை அப்படியே கைக்கு வரும் பணம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நாட்டு விலைவாசிக்கேற்ப அது கூடும், குறையும். நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகையும் உங்கள் வரியும் அதிலிருந்துதான் போகும். வீட்டு வாடகையைக் கணக்குப் பார்ப்பதற்கு முன், நிறுவனத்தின் சம்பளப் பிரிவிடம் நிகரத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

தனியாக விண்ணப்பிக்க முடியாது. ஏற்கும் சூப்பர்வைசரும் நிறுவனமும் சேர்ந்துதான் போட வேண்டும். மதிப்பெண்ணில் பாதி ஆய்வின் தரத்துக்கு. அதில் நீங்கள் புதிதாக என்ன கற்கப் போகிறீர்கள் என்பதும் அடங்கும். எலி மூளைச் சீவலில் மின்பதிவு செய்து பழகியவர், காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வேறிடத்தில் போய் எம்ஆர்ஐ தரவுப் பகுப்பாய்வு கற்பதாகத் திட்டமிடலாம். நோயாளிகளின் தரவோ விலங்குகளோ இருந்தால் நெறிமுறைப் பகுதியைக் கடைசி இரவுக்குத் தள்ளாதீர்கள்.

போர்ச்சுகல், போலந்து, கிரீஸ் போன்ற நாடுகளுக்குப் போடுபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. படிவத்தில் ஈஆர்ஏ (ஐரோப்பிய ஆய்வுப் பரப்பு) என்ற இன்னொரு ஃபெலோஷிப்புக்கும் சம்மதம் என்று குறித்தால், முதல் சுற்றில் நிதி கிடைக்காத அதே புரபோசல் அந்தப் பட்டியலுக்கும் போகும். தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.