ஓபியாய்டு ஸ்பேரிங்: தவிர்ப்பு அல்ல, சிக்கனம்

வலி மருத்துவத்தில் ‘ஓபியாய்டு ஸ்பேரிங்’ என்றொரு சொல் உண்டு, வேறு சிகிச்சைகளைச் சேர்த்து மார்ஃபின் போன்ற மருந்துகளின் தேவையைக் குறைப்பது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் ‘ஓபியாய்டு’. குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் முற்றாத காயைக் கீறினால் பால் வடியும். சாற்றுக்குக் கிரேக்கத்தில் ‘ஓபோஸ்’ என்று பெயர், அதிலிருந்து வந்தது ஓபியம். அதுவே அரபியில் ‘அஃப்யூன்’ ஆகி, நம்மிடம் அபின், அபினி என்று வழங்குகிறது. ‘ஆய்டு’ என்றால் ‘போன்றது’. மார்ஃபின் அந்தப் பாலிலிருந்தே வருவது, ஃபென்டனில் ஆய்வகத்தில் செய்வது, இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘அபினியொத்த வலிநீக்கி’ என்பது சரியாக இருக்கும்.

சரி, ‘ஸ்பேரிங்’? இதைப் பலர் ‘தவிர்ப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். புற்றுநோய் வலியில் துடிப்பவரின் வீட்டார் அதைப் படித்துவிட்டு, மார்ஃபின் என்றாலே போதை, கொடுக்கக்கூடாது என்று முடிவுகட்டினால் என்ன ஆவது? என்னைக் கேட்டால் ‘சிக்கனம்’தான் பொருத்தமான சொல். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, தேவையான இடத்தில் தேவையான அளவு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சிக்கனம் எப்படி வருகிறது என்றால், வலி எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கேயே கைவைப்பதால். கணையப் புற்றுநோயில் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி இருக்கிறதே, மல்லாந்து படுக்க முடியாமல், முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தணியும். அந்த வலியைச் சுமந்து வரும் நரம்புப் பின்னலில் ஊசி வழியாக ஆல்கஹால் செலுத்தி அதைச் செயலிழக்க வைப்பார்கள், பலருக்கு அதன்பின் மார்ஃபின் அளவு குறைகிறது, மார்ஃபினால் வரும் மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும் தணிகின்றன. எலும்பில் பரவியிருந்தால் பல நேரங்களில் ஒரே தவணை, 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு போதும். நரம்பு வலிக்கு கேபாபென்டின், கட்டியைச் சுற்றிய வீக்கம் அழுத்தினால் டெக்சாமெத்தசோன், கூடவே பாராசிட்டமால்.

ஆனால் கதிர்வீச்சின் பலன் முழுதாகத் தெரிய சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? கூடவே கூடாது, அந்த இடைவெளியில் மார்ஃபின் வேண்டும். இந்தியாவில் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளுக்கே மார்ஃபின் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது, 2014 திருத்தத்துக்குப் பிறகுதான் விதிகள் தளர்ந்தன.

அப்புறம் ஒன்று, வலி குறைந்துவிட்டதே என்று நீங்களாக மார்ஃபின் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், உடம்பு தாங்காது. அளவை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் படிப்படியாகச் சொல்வார்.