தீர்க்கதரிசனம்: கண்ணின் வேலையா, வாயின் வேலையா?

தீர்க்கம் என்றால் நெடுமை, தரிசனம் என்றால் பார்வை. இரண்டும் வடமொழி. சேர்த்தால் நெடுந்தூரம் பார்ப்பது, அதிலும் காலத்தில் தூரமாகப் பார்ப்பது. சுதந்திரம் வருவதற்குப் பல வருடம் முன்பே அது வந்துவிட்டதாகவே பாடிய பாரதியைத் தீர்க்கதரிசி என்கிறோமே, அங்கே இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. பைபிளுக்குள் போனால்தான் சிக்கல்.

அங்கே எபிரேய மூலத்தில் இருப்பது நாபி என்ற சொல். தமிழ் முஸ்லிம்கள் சொல்கிற நபி அதற்கு அரபு வழி உறவு. நாபி என்பதற்கு என்ன பொருள் என்று வேர் தேடுவதைவிட பைபிளின் யாத்திராகமத்தைத் திறப்பது நல்லது. எனக்குப் பேச்சு வராது என்று மோசே கடவுளிடம் தயங்குகிறார். சரி, உன் அண்ணன் ஆரோன் உனக்கு வாயாக இருப்பான் என்று பதில் வருகிறது (4:16). இதே ஏற்பாடு 7:1இல் மறுபடி வரும்போது ‘ஆரோன் உன் தீர்க்கதரிசியாயிருப்பான்’ என்று இருக்கிறது. ஆரோன் அங்கே எந்த எதிர்காலத்தையும் பார்க்கவில்லை, தம்பிக்குச் சொல்லப்பட்டதை எகிப்து ராஜா பார்வோனிடம் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். ஆக நாபி என்பது வாய் சம்பந்தப்பட்ட சொல். கிரேக்கத்தில் இதற்கு வைத்த புரொஃபேட்டேஸ் என்பதும் அப்படியே, தெய்வத்தின் சார்பில் எடுத்துரைப்பவர் என்று பொருள். அதற்குள் இருக்கும் வினைச்சொல் ‘சொல்’ என்பதுதான், ‘பார்’ இல்லை.

பார்வைக்கும் எபிரேயத்தில் சொல் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை ஞானதிருஷ்டிக்காரன் என்று அழகாகச் சொல்கிறது. இந்நாளில் தீர்க்கதரிசி எனப்படுகிறவனை முற்காலத்தில் அப்படித்தான் அழைப்பார்கள் என்று 1 சாமுவேல் 9:9 ஒரு சொல் விளக்கமே தருகிறது (அந்தக் காலத்திலேயே நம்மைப் போல ஒருவர் இருந்திருக்கிறார்). அது வருகிற இடம்தான் வேடிக்கை. சவுலின் அப்பாவுடைய கழுதைகள் காணாமல் போய்விட்டன, அவை எங்கே என்று கேட்க சவுலும் வேலைக்காரனும் கால் சேக்கல் வெள்ளியோடு ஞானதிருஷ்டிக்காரரான சாமுவேலிடம் போகிறார்கள். கழுதை கிடைத்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, சாமுவேல் பேசுவதெல்லாம் கடவுள் செய்யப்போவதைப் பற்றி.

இன்றைக்கும் நம் ஜெபக் கூட்டங்களில் பாதிப்பேர் கழுதை விஷயமாகத்தான் வருகிறோம். விசா கிடைக்குமா, வரன் அமையுமா, இந்த வருஷமாவது வேலை நிரந்தரம் ஆகுமா. கேட்பது தப்பில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதிலைத் தீர்க்கதரிசனம் என்கிறோம் பாருங்கள், அதற்குத் தமிழில் குறி சொல்வது என்று வேறு பேர் இருக்கிறது. உபாகமம் 18ஆம் அதிகாரம் குறிசொல்லுகிறவனும் நாள்பார்க்கிறவனும் உங்களுக்குள்ளே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, சில வசனங்கள் தள்ளி, மோசேயிடம், உன்னைப் போல ஒரு தீர்க்கதரிசியை எழும்பப்பண்ணி என் வார்த்தைகளை அவர் வாயில் அருளுவேன் என்கிறது. குறிகாரனுக்கு மாற்றாக வருகிறவர் இன்னும் துல்லியமாகக் குறி சொல்கிறவர் அல்ல, வாயில் வார்த்தை அருளப்பட்டவர். அந்த ஒருவர் யார் என்று அப்போஸ்தலர் 3:22இல் பேதுரு சொல்கிறார்: இயேசு.

கண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த கதை ஒன்று உண்டு. வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் 8:14இல் வரும் 2300 நாட்களை வருடங்களாகக் கணக்குப் போட்டார். கடைசியில் அவருடைய இயக்கத்தார் இயேசு திரும்பி வருவது 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துக் காத்திருந்தார்கள். இயேசு வரவில்லை. வரலாற்றில் அதற்கு ‘மாபெரும் ஏமாற்றம்’ என்றே பெயர். 2011இல் ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் மே 21 என்றார், அது தப்பியதும் அக்டோபர் 21 என்றார். இவ்வளவுக்கும் யூதர்களின் வேத வரிசையில் தானியேல் தீர்க்கதரிசிகள் பகுதியிலேயே இல்லை, எழுத்துகள் என்ற மூன்றாம் பகுதியில் இருக்கிறது. யோசுவாவும் ராஜாக்களும் போன்ற வரலாற்று நூல்கள்தான் தீர்க்கதரிசிகளில் சேர்ந்திருக்கின்றன. நடந்து முடிந்ததைக் கடவுளின் பக்கம் நின்று சொல்வதும் அவர்களுக்குத் தீர்க்கதரிசனம்.

இயேசு வருவார் என்றுதானே மில்லரும் சொன்னார், அந்தச் செய்தியின் நடுவில் இயேசுதானே இருந்தார் என்று கேட்கலாம். பேரளவில் இருந்தார். நடுவில் இருந்தது தேதி.

அப்புறம், சரியான தமிழ்ச் சொல் எது? அப்படியே மொழிபெயர்த்தால் தொலைநோக்கு, ஆனால் அது இப்போது அரசுத் திட்ட அறிக்கைக்குப் போய்விட்டது. முன்னறிவிப்பு என்றால் மழை வருமா என்று தோன்றும். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்ட இறைவாக்கு, இறைவாக்கினர் என்பவைதான் எனக்குச் சரியாகப் படுகின்றன. வாக்கு என்பதும் வடமொழி வேர்தானே என்று தனித்தமிழ் அன்பர்கள் பிடித்துக்கொள்வார்கள், பிடித்துக்கொள்ளட்டும். வாயும் வார்த்தையும் திரும்பக் கிடைத்துவிட்டன. இன்னொரு லாபமும் உண்டு. அதே மொழிபெயர்ப்பில் யோவான் நற்செய்தி ‘தொடக்கத்தில் வாக்கு இருந்தது’ என்று தொடங்குகிறது. அந்த வாக்குதான் மனிதர் ஆனார் என்று சில வரிகளில் வருகிறது. இறைவாக்கினர் சொன்ன வாக்கும் வந்து நின்ற வாக்கும் தமிழில் ஒரே சொல்லாக அமைந்துவிட்டன. எபிரேயத்தின் நாபியிலோ கிரேக்கத்தின் புரொஃபேட்டேஸிலோ இந்த இணைப்பு கிடையாது.

சபையில் வாசிக்கும்போது தீர்க்கதரிசனம் என்றே வாசிப்போம், பழகிய வசனத்தை மாற்ற யாருக்கும் மனசு வராது. வெளிப்படுத்தின விசேஷம் 19:10 எனக்கே பழைய மொழிபெயர்ப்பில்தான் மனப்பாடம்: ‘இயேசுவைப்பற்றின சாட்சி தீர்க்கதரிசனத்தின் ஆவியாயிருக்கிறது.’ யோவான் எந்த நிலையில் இருக்கும்போது தூதன் இதைச் சொன்னான் என்று பாருங்கள். செய்தி கொண்டுவந்த தூதனுடைய காலிலேயே வணங்கப்போய் விழுந்து கிடந்தார்.