சேர்த்து வைக்கக் கூடாத வாயு

வெள்ளி மோதிரத்தின் இணைப்பில் வெங்காரம் தடவி, பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்து, ஊசி போன்ற சுடரை அருகே கொண்டுபோனால் வெங்காரம் முதலில் பொங்கும். பிறகு அடங்கிக் கண்ணாடிபோலப் படரும். அடுத்த நொடி பொடி உருகி இடுக்குக்குள் ஓடிவிடும். இந்தச் சுடருக்குச் சிலிண்டர் கிடையாது. மேசையோரப் பெட்டிக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த தண்ணீர், சில உலோகத் தகடுகள், மின்சாரம். அவ்வளவுதான்.

மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கும் என்பதை ஆங்கிலேயர்களான நிக்கல்சனும் கார்லைலும் 1800-லேயே கண்டார்கள். இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன். மிச்சமின்றி எரியத் தேவையான அளவும் அதுவே. வாயு எவ்வளவு வரும் என்பதை மின்னோட்டம் தீர்மானிக்கிறது. ஓர் அறையில் (இரு தகடுகளும் இடையில் கரைசலும் கொண்ட பகுதியில்) 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் இரண்டும் சேர்ந்து சுமார் 0.63 லிட்டர். 12 அறைகளைத் தொடராக இணைத்து 8 ஆம்பியர் கொடுத்தால் மணிக்கு 60 லிட்டர். அறைக்கு 2 வோல்ட் என்று வைத்தால் செலவு ஏறக்குறைய 190 வாட். சுடரில் திரும்பக் கிடைப்பது 120 வாட் அளவுதான். தண்ணீரே எரிபொருள் என்று விளம்பரம் செய்வதை நம்ப வேண்டாம். ஆனால் அந்த 120 வாட்டும் ஒரு புள்ளியில், 2,800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சுடராகக் குவிகிறது. வெள்ளி உருக 962 டிகிரி போதும்.

ஆபத்தும் அதே கலவையில்தான் இருக்கிறது. எரியத் தேவையான ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால் வெளிக்காற்று வேண்டியதில்லை. மீத்தேன்–காற்றுக் கலவையில் தீ நொடிக்கு 40 செ.மீ. அளவில் நகரும், இதிலோ நொடிக்குச் சுமார் 10 மீட்டர். மணிக்கு 60 லிட்டர் வாயு, அரை மில்லிமீட்டர் துளையில் நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் வெளியேறும். தீயால் எதிர்த்து ஏற முடியாது. அதே வாயு 5 மி.மீ. குழாயில் ஒரு மீட்டர் வேகத்தைக்கூட எட்டாது. தீ உள்ளே நுழைந்தால் தடுக்க ஆளில்லை. அணைக்கும் நேரம்தான் மிக மோசமானது. மின்சாரத்தை நிறுத்தியதும் ஓட்டம் மெல்லத் தளர்கிறது, சுடர் பின்னால் வருகிறது. அதனால்தான் வழியில் ஒரு நீர்க்குடுவை. வாயு தனித்தனிக் குமிழ்களாக மேலேறுவதால் தீக்குக் குமிழ்விட்டுக் குமிழ் தாவ வழியில்லை. அதற்கும் அப்பால் நுண்துளைத் தீத்தடுப்பான். இந்த வாயுவைப் பலூனிலோ பாட்டிலிலோ பிடித்து வைப்பவர் வெடிகுண்டைக் கையில் வைத்திருக்கிறார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உண்டாகும் வேகத்திலேயே எரிந்து தீர வேண்டும்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குப் பதிலாகத் தண்ணீரில் சாதாரண உப்பைப் போட்டால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். அதுவும் கூடாது.

கால்சியம் கார்பைடில் தண்ணீர் விட்டு, வெல்டிங்குக்குப் பயன்படும் அசிட்டிலீன் வாயுவை எடுப்பது இதைவிட எளிதாகத் தோன்றும். ஆனால் தண்ணீரை நிறுத்திய பிறகும் ஈரம் தங்கிய கார்பைடு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறினால் அசிட்டிலீன் ஆக்சிஜன் இல்லாமலே சிதைந்து வெடிக்கும். அதை நுண்துளைப் பொருளில் அசிட்டோன் என்ற கரைப்பானோடு அடைத்துப் பத்திரப்படுத்தும் முறையைச் செம்மைப்படுத்திய சுவீடன் பொறியாளர் குஸ்தாஃப் டாலேன், 1912-இல் நோபல் பரிசு பெற்றார்; அதே ஆண்டு அசிட்டிலீன் சோதனையில் நடந்த வெடிப்பில் பார்வையை இழந்தார். வீட்டுப் பட்டறைக்கு அது வேண்டவே வேண்டாம் என்பதே என் கருத்து.