பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு

அறிவியல் மென்பொருள் ஒன்றின் மூலநிரலை இறக்கி, அதை ஓடும் நிரலாகக் கட்டித்தரும் 'மேக்' என்ற கருவிக்குக் கட்டளை கொடுத்தாயிற்று. இருபது நிமிடம் திரையில் எழுத்துகள் ஓடுகின்றன. சட்டென்று நிற்கின்றன. கடைசி வரியில் 'எரர் 2' என்று இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் அந்த வரியைத்தான் எடுத்துக்கொண்டு இணையத்தில் தேடுகிறார்கள். அதில் ஒரு தகவலும் கிடையாது. 'நான் ஏவிய வேலை ஒன்று தோற்றுவிட்டது' என்று மேக் சொல்கிறது, அவ்வளவுதான். எந்த வேலை, ஏன் என்பதெல்லாம் மேலே எங்கோ இருக்கும். ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை ஓடவிட்டிருந்தால், ஒன்று விழுந்த பிறகும் மற்றவை தம்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். உண்மையான காரணம் நூறு வரிக்கு மேலே புதைந்துவிடும். அதனால் நான் முதலில் செய்வது, ஒரே ஒரு வேலையாக மேக்கை மறுபடி ஓட்டுவது. ஏற்கெனவே முடிந்த ஃபைல்களை அது தொடாது. விழுந்த இடத்துக்கே நேராக வந்து நிற்கும். அங்கே வரும் முதல் பிழையைப் படிக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் நாற்பது பிழைகள் பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: இதைச் சொல்வது யார்? ஒரு மென்பொருளைக் கட்டும் வேலையில் கைமாறிக் கைமாறிப் பல கருவிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது ஒரு சிறு பகுதிதான்.

முதலில், மேக்குக்கும் முன்பே, வருவது கணினியைச் சோதித்துப் பார்க்கும் கான்ஃபிகர். ஒரு லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) கணினியில் இருக்கிறதா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் நாலு வரி நிரலைத் தானே எழுதி, கம்பைல் செய்து, அதாவது கணினிக்குப் புரியும் வடிவமாக மாற்றிப் பார்க்கிறது. தேறினால் 'எஸ்', இல்லையென்றால் 'நோ'. ஆகவே 'நோ' என்று வந்தால் லைப்ரரி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்த நாலு வரி தேறவில்லை, அவ்வளவே. ஏன் தேறவில்லை என்பது 'கான்ஃபிக்.லாக்' என்ற ஃபைலில் நிரலோடும் கம்பைலரின் புகாரோடும் அப்படியே பதிவாகியிருக்கும். பெரும்பாலான நேரம் லைப்ரரி இருக்கும், அதன் ஃபங்ஷன்களை எப்படி அழைப்பது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் ஃபைல் இருக்காது. லினக்ஸ் வினியோகங்கள் பலவற்றில் ஹெடர்கள் 'டெவ்' அல்லது 'டெவல்' என்று முடியும் தனிப் பொதியில் வருகின்றன.

கம்பைலரின் பிழைகள் ஒப்பீட்டளவில் எளியவை. ஃபைலையும் வரி எண்ணையும் சொல்லிவிடும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக ஓடிய ஃபோர்ட்ரான் மொழி நிரல் 2020-இல் வந்த ஜிசிசி 10 கம்பைலருக்குப் பிறகு திடீரென்று மறுத்தால், அழைப்பில் கொடுக்கும் மதிப்புகளின் வகை இடத்துக்கு இடம் பொருந்தாததை அந்தப் பதிப்பிலிருந்து அது பிழையாகவே எடுத்துக்கொள்வதுதான் காரணமாக இருக்கும். அதைத் தளர்த்த, கட்டளையோடு சேர்க்கும் தனி ஃப்ளாக் இருக்கிறது.

ஆளை அலைக்கழிப்பது லிங்கர்தான். கம்பைலர் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியே பார்க்கிறது. மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு 'டிஜெம்' என்ற ஃபங்ஷனை உங்கள் நிரல் அழைத்தால், அது எங்கே இருக்கிறது என்று கம்பைலர் கவலைப்படாது. 'தேவை' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடும். லிங்கர்தான் தேவைகளையும் இருப்பையும் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தாதபோது வருவதுதான் 'அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்'.

இங்கே ஒரு முக்கியமான விஷயம்: லிங்கருக்குப் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஜிசிசியின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் பொதுவாகப் பெயரைச் சிறிய எழுத்தாக்கி, கடைசியில் ஓர் அடிக்கோட்டைச் சேர்க்கும். லினக்ஸில் சி மொழியின் கம்பைலர் பெயரை அப்படியே விடும். சியில் 'டிஜெம்' என்று எழுதி அழைத்தால், லைப்ரரிக்குள் இருப்பதோ அடிக்கோடு போட்ட டிஜெம். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லிங்கருக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள்.

சந்தேகம் வந்தால் 'என்எம்' என்ற கருவியை அந்த லைப்ரரியின் மேல் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'டி' (T) என்றால் அந்த ஃபங்ஷன் இங்கேயே இருக்கிறது. 'யு' (U) என்றால் வெளியிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் யு, இன்னொரு பக்கம் டி, இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? அதை மட்டும் பார்த்தால் போதும்.

பெயர் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால் வரிசையைப் பாருங்கள். நிலையான லைப்ரரிகளை (நிரலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளப்படுபவை) லிங்கர் இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை புரட்டும். அந்த நேரத்தில் தேவைப்படுவதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடும். 1992-இல் வந்த லாபேக் என்ற நேரியல் இயற்கணித லைப்ரரி, அதைவிடப் பழைய, அடிப்படை மேட்ரிக்ஸ் கணக்குகளைச் செய்யும் ப்ளாஸ் லைப்ரரியை நம்பி நிற்கிறது. ப்ளாஸை முதலில் கொடுத்தால், லாபேக்குக்காக அதிலிருந்து எதையும் எடுக்க வேண்டும் என்று லிங்கருக்கு அப்போது தெரியாது. கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். இரண்டு லைப்ரரிகளும் வட்டில் இருந்தும், இந்த வரிசை புரியாமல் இரண்டு முழு நாள்களை இழந்திருக்கிறேன்.

லிங்க் ஆனபின் ஓட்டும்போது 'ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்றால், அது, நிரல் தொடங்கும்போது அதற்கு வேண்டிய லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றும் லோடரின் குரல். கட்டும்போது காட்டிய பாதை ஓட்டும்போது தானாக வராது. 'எல்டிடி' என்ற கருவி எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லிக் காட்டிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, பிழையே சொல்லாத பிழையை. ப்ளாஸ் லைப்ரரி இரண்டு வகையாகக் கட்டப்படுகிறது. ஒன்று முழு எண்ணை 4 பைட்டாக எடுத்துக்கொள்ளும், மற்றது 8 பைட்டாக. பல நேரம் இரண்டிலும் ஃபங்ஷன் பெயர்கள் ஒன்றேதான். லிங்கருக்குத் தெரிந்தது பெயர் மட்டும் என்பதால், மாற்றிக் கொடுத்தாலும் மகிழ்ச்சியாக இணைத்துவிடும். ஃபோர்ட்ரான் எண்ணை அனுப்பாது, எண் இருக்கும் முகவரியைத்தான் அனுப்பும். நீங்கள் 4 பைட்டில் 100 என்று வைத்திருந்தால், அந்த ஃபங்ஷன் அடுத்த 4 பைட்டையும் சேர்த்துப் படிக்கும். பக்கத்தில் பூஜ்யம் இருந்தால் விடை சரியாக வரும். வேறேதாவது இருந்தால் நிரல் சாகும், அல்லது தவறான விடையோடு அமைதியாக முடியும். அதனால் 'மேக்' முடிந்ததும் நேரே உங்கள் ஆய்வுக் கணக்கை ஓட்டாதீர்கள். மென்பொருளோடு வரும் சோதனைகளை ஓட்டி, எத்தனை தேறின, எத்தனை தவறின என்று கடைசி வரை இருந்து பாருங்கள்.